ஆராய்ச்சிப் படமும் இயந்திர அறிவும்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் சேகரித்த புள்ளி விவரங்களைச் செயற்கை நுண்ணறிவு என்னும் கருவியிடம் கொடுத்து, சஞ்சிகைகளில் அப்படியே அச்சேறத்தக்க வரைபடங்களாகச் செய்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இவ்விஷயமாய் அறிவாளிகளுக்குள் இரண்டுவித அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், இயந்திரம் தொட்ட படம் ஆராய்ச்சிக்கே தீட்டு என்பதுபோல் பேசுகிறார்கள். மற்றொரு சாரார், இயந்திரம் போட்டுக் கொடுத்ததில் தப்பு இருக்குமா என்று கேட்கிறார்கள். நம்மைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே வியாதியின் இரண்டு குறிகள் என்றே சொல்லுவோம். அதாவது, பொருளைச் சோதித்துப் பாராமல், அது யாரிடமிருந்து வந்தது என்பதை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வியாதியேயாகும்.

முதலில் தீட்டுக்காரர்கள் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தை அச்சுக்குத் தயார் செய்வது என்பது அறிவு வேலையைவிட அலுப்பு வேலையே அதிகமாகும். 'நேச்சர்' சஞ்சிகைக்கு ஒரு பத்திப் படமென்றால் 89 மில்லிமீட்டர் அகலம், இரு பத்தியென்றால் 183 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். எழுத்தின் அளவு, கோட்டின் கனம், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கும் விளங்கும்படியான நிறம் என்று நிபந்தனைகள் பல உண்டு. இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளச் சக்தியுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் சக்தியில்லாத கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவனோ மாணவியோ இதற்காக வாரக்கணக்காய் மாரடிக்க வேண்டியிருந்தது. பைத்தான், ஆர் போன்ற நிரல் மொழிகள் இலவசமாய்க் கிடைத்தும், அவற்றைக் கற்றுத் தேறுவதற்கு அவகாசமும் ஆங்கிலமும் வேண்டியிருந்தன. இன்றோ அம்மாணவி தனக்கு வேண்டியதைத் தமிழிலேயே எழுதிக் கேட்டாலும், கருவி நிரலை எழுதிக் கொடுத்துவிடுகின்றது. சிலர் கையில் மட்டும் இருந்த வசதி எல்லோர் கைக்கும் வருவதை நாம் ஏன் ஆட்சேபிக்க வேண்டும்?

நிற்க, இரண்டாவது சாராருக்கு நாம் சொல்ல வேண்டியது சற்று அதிகமாகும். இயந்திரம் படம் தருவதில் இரண்டு மார்க்கங்கள் இருக்கின்றன. ஒன்று, கொடுத்த எண்களைக் கணக்கிட்டு வரையும் நிரலை எழுதுவது. மற்றொன்று, எண்ணையே பாராமல் பார்வைக்குப் படம்போல் தோன்றும் ஒன்றைக் கற்பனையாகத் தீட்டுவது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் சஞ்சிகை ஒன்றில், மிட்ஜர்னி என்னும் கருவி தீட்டிய எலியின் உடற்கூற்றுப் படம் ஒன்று வெளியாயிற்று. அதன் உறுப்புகள் எந்த எலிக்கும் இல்லாதவை. பக்கத்தில் எழுதியிருந்த பெயர்களில் பல எந்தப் பாஷையிலும் இல்லாதவை. உலகம் சிரித்த பிறகு, சில நாட்களிலேயே அக்கட்டுரை வாபஸ் பெறப்பட்டது. புள்ளி விவரப் படத்திற்கு இந்த மார்க்கத்தைக் கைக்கொள்ளுவது பொய்ச்சாட்சி சொல்லுவதற்குச் சமானமாகும்.

சரி, நிரல் எழுதும் மார்க்கமாவது குற்றமற்றதா என்றால், அதுவும் தானாகக் குற்றமற்றதாகிவிடாது. ஏனெனில், படம் வரைவதென்பது பல தீர்மானங்களைச் செய்வதாகும். விடுபட்ட எண்ணை என்ன செய்வது, அச்சை எங்கே தொடங்குவது, எதைச் சராசரியாக்குவது என்பவைகளை நாம் சொல்லாவிட்டால் கருவியே தீர்மானித்துவிடும். உதாரணமாக, பட்டையின் உச்சியில் நிற்கும் சிறு கோட்டை எடுத்துக்கொள்வோம். 25 அளவைகளின் திட்டவிலக்கம் 10 என்றால், அவற்றின் திட்டப்பிழை 2 மாத்திரமே. முன்னதைப் போட்டால் கோடு நீண்டு, அளவைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும். பின்னதைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கி, எல்லாம் கச்சிதமாய் இருப்பதாகத் தோன்றும். எதைப் போட்டோம் என்று எழுதாத படம் படிப்பவரை ஏமாற்றுகின்றது. வரைந்தது இயந்திரம் என்பது அதற்குச் சமாதானமாகாது.

சராசரியை மட்டும் நம்புவதன் ஆபத்தை ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலார் 1973-லேயே காட்டியிருக்கிறார். அவர் நான்கு எண் தொகுதிகளைக் கொடுத்தார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே. ஒட்டுறவு அளவும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தாலோ ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டும் தனித்து நிற்கும் ஒரே புள்ளியால் கெட்டவை. ஆகவே, புள்ளிகளை மறைத்துப் பட்டையை மாத்திரம் காட்டும் படத்தைக் கண்டால் சந்தேகப்படுவதே அறிவுடைமையாகும்.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சண்டைதானே என்பாரும் இருக்கலாம். 1986 ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டார்கள். குளிரில் ரப்பர் வளையம் கெடுமா என்பதே அதற்கு முந்தின இரவு எழுந்த கேள்வி. பழுது கண்ட பயணங்களை மட்டும் எடுத்து வெப்பத்தோடு ஒப்பிட்டார்களேயொழிய, பழுதில்லாத பயணங்களைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று விசாரணைக் கமிஷன் எடுத்துக் காட்டிற்று. எல்லாவற்றையும் சேர்த்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகும். 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் பழுது 3-ல் மாத்திரமே. 63 டிகிரியும் அதற்குக் கீழுமாக இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பழுது. அன்று தவறியவர்கள் மனிதர்களே. ஆனால் பழுதான பயணங்களின் எண்களை மட்டும் இன்றைய கருவியிடம் கொடுத்தால், அதே தவறை அது அழகிய நிறத்தில், 89 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்து கொடுக்கும். நாம் கொடாமல் விட்ட எண்களைத் தானாக அறிந்துகொள்ள அதற்கு வழியேது?

எனவே, நாம் வேண்டுவது மிகச் சாதாரணமான காரியமேயாகும். கருவியிடம் படத்தைக் கேளாதீர்கள். படத்தை வரையும் நிரலைக் கேளுங்கள். அந்த நிரலை வரி வரியாய்ப் படித்து, ஓரிரண்டு புள்ளிகளையாவது மூல எண்ணோடு கையால் ஒத்துப் பாருங்கள். எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். எண்களையும் நிரலையும், கருவி உதவிய விவரத்தையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுங்கள். மற்றொருவர் அதே எண்களிலிருந்து அதே படத்தை வரைந்து பார்க்க முடியுமானால், அதை வரைந்தது கையா கருவியா என்ற கேள்விக்கே இடமில்லை. முடியாதென்றால், எவ்வளவு பெரிய பண்டிதர் கையெழுத்திட்டிருந்தாலும் அது ஆராய்ச்சியாகாது.

படம் அழகாயிருப்பது நிஜத்திற்கு அத்தாட்சியாகாது. அழகு செய்யும் வேலையை இயந்திரத்திடம் தாராளமாய் விடலாம். சந்தேகிக்கும் வேலையை மாத்திரம் எவரிடமும் விட்டுக்கொடுக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.