வெளியூரில் ஒரு மின்னஞ்சல்

கடந்த வருட இறுதி விடுமுறையில் உம்மாவின் வைத்தியத்துக்காக வாப்பா, உம்மா, நான் மூவரும் சென்னைக்குப் போயிருந்தோம். வைத்தியசாலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஹோட்டலில் பத்து நாட்கள் தங்கினோம். வாப்பாவுக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை. நானா கட்டாரில் வேலை செய்கிறார். ஆகவே வைத்தியசாலை கேட்ட கடவுச்சீட்டுப் பிரதிகளை அனுப்புவது, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை நானாவுக்கு அனுப்புவது, பணம் சம்பந்தமாக வங்கிக்கு எழுதுவது எல்லாம் என் தலையில் விழுந்தன.

எங்கள் வீடுகள் பலவற்றில் இன்று இதுதான் நிலைமை. குடும்பத்தின் எழுத்து வேலைகளை மகள்தான் பார்க்கிறாள். அதே மகளிடம்தான் "இன்டர்நெட் பொல்லாதது, கண்ட இடத்தில் தொடாதே" என்றும் சொல்லப்படுகிறது. வேலையைக் கொடுக்கிறோம், ஆனால் அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையைக் கற்றுக் கொடுப்பதில்லை. இது சரியா என்பதே என் கேள்வி.

முதல் நாளே சிக்கல். நானா பழைய மடிக்கணினியில் அமைத்துத் தந்திருந்த அஞ்சல் மென்பொருளில் எழுதி அனுப்பினேன். ஹோட்டல் வைஃபையில் இணையப் பக்கங்கள் எல்லாம் திறந்தன, அஞ்சல் மட்டும் போகவில்லை. "வைஃபை கெட்டுப் போய்விட்டது" என்றார் வாப்பா. நானாவிடம் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அதன் பழைய வாசலின் இலக்கம் 25. குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் அந்த வாசலைத் துஷ்பிரயோகம் செய்வதால், பல ஹோட்டல்களும் இணைய நிறுவனங்களும் அதை அடைத்து வைத்திருக்கின்றன. பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, செய்தியை மறைகுறியாக்கி அனுப்புவதற்கு 587, 465 என்று வேறு வாசல்கள் உண்டு. இலக்கத்தை மாற்றியதும் அஞ்சல் போய்விட்டது. பூட்டியிருந்தது ஒரு கதவு மட்டுந்தான். நாங்களோ வீடே இடிந்துவிட்டது போல் பதறியிருந்தோம்.

இரண்டாவது சிக்கல் எங்கள் சொந்தத் தவறு. செலவைக் குறைக்க வாப்பா தன் போனில் இந்திய சிம் ஒன்றைப் போட்டிருந்தார். அவருடைய மின்னஞ்சல் கணக்கைத் திறக்கப் போனால், சரிபார்ப்பு இலக்கம் இலங்கை எண்ணுக்குப் போகிறது. அந்த சிம்மோ வீட்டு அலுமாரியில் இருந்தது! கூகுள் கணக்கில் இதற்கென்றே பத்துக் காப்பு இலக்கங்களை முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக் கொள்ளலாம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். ஊறுகாய்ப் போத்தலைப் பத்திரமாகச் சுற்றி வைத்த எங்களுக்கு இது ஞாபகம் வரவில்லை.

மூன்றாவதுதான் என்னை இதை எழுத வைத்தது. ரிப்போர்ட் ஒன்றை அச்செடுக்க வேண்டியிருந்தது. ஹோட்டல் வரவேற்பறையில் எல்லோரும் பாவிக்கும் கணினி ஒன்று இருந்தது. அதில் என் மின்னஞ்சலைத் திறந்து, அச்செடுத்து, தாளை எடுத்துக் கொண்டு மேலே வந்துவிட்டேன். கணக்கை மூடவில்லை. இரவு பதினொரு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. மூவரின் கடவுச்சீட்டுப் பிரதிகள், உம்மாவின் நோய் விபரம், வங்கிக் கடிதம் எல்லாம் அதற்குள். கை நடுங்கியது. வாப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இப்ப என்ன செய்யலாம் மகள்?" என்று மட்டும் கேட்டார். போனிலிருந்தே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அந்தக் கணினியிலிருந்து கணக்கை வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். புறப்படும்போது எல்லோரும் என்னிடம் சொன்னது "ஹோட்டல் வைஃபையைப் பாவிக்காதே" என்பதுதான். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2010இல் ஃபயர்ஷீப் என்ற சிறிய மென்பொருள், ஒரே வைஃபையில் இருப்பவரின் கணக்குக்குள் எவரும் எவ்வளவு இலகுவாக நுழையலாம் என்று காட்டியது. அதன் பிறகு பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கத்துக்கு மாறிவிட்டன. ஜிமெயில் அந்த வருடத் தொடக்கத்திலேயே மாறியிருந்தது. இன்று நமது அஞ்சலை வழியில் எவரும் படிப்பது முன்போல் இலகுவல்ல.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபத்து இடம் மாறியிருக்கிறது. ஹோட்டலின் பெயரிலேயே போலி வைஃபை வைக்கலாம். ஆகவே சரியான பெயரை வரவேற்பறையில் கேட்டே இணைய வேண்டும். "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஹோட்டல் வைஃபையில் திடீரென வரும் மென்பொருள் புதுப்பிப்பை ஏற்கக் கூடாது. ஆசிய ஹோட்டல்களில் தங்கிய வர்த்தகப் பிரமுகர்கள் இப்படிப் போலிப் புதுப்பிப்புகளால் குறிவைக்கப்பட்டதை 2014இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுக் கணினியில் நமது கணக்கைத் திறக்கவே கூடாது. என்னிடம் எவரும் சொல்லாத எச்சரிக்கை இதுதான்.

"இந்த வேலையெல்லாம் பெண் பிள்ளைக்கு எதற்கு, நானா பார்த்துக் கொள்ளட்டும்" என்று சில பெற்றோர் சொல்லலாம். நானா கட்டாரில் வேலையில் இருக்கும்போது, டொக்டர் காலை பத்து மணிக்குள் ரிப்போர்ட் கேட்டால் யார் அனுப்புவது? என் உம்மா கத்தி வெட்டும் என்று எனக்குச் சமையலறையை மூடவில்லை. பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கக் காட்டித் தந்தார். விரல் வெட்டுப்பட்டபோது மருந்து போட்டார், மறுநாள் மீண்டும் வெங்காயத்தைக் கையில் தந்தார். இதுவும் அப்படிக் கற்க வேண்டிய வேலைதான்.

நமது நாட்டில் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நல்லது. ஆனால் திறந்து விட்டுவந்த கணக்கைச் சட்டம் வந்து மூடாது.

தோழியரே, அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது காப்பு இலக்கங்களையும் எழுதி வையுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் பிழை விட்டால் நடு இரவிலும் உங்களை எழுப்பிச் சொல்லும் தைரியத்தை அவளுக்குக் கொடுங்கள். அன்று வாப்பா ஏசுவார் என்று பயந்து நான் விடியும்வரை மறைத்திருந்தால், என் கணக்கு அந்த வரவேற்பறையில் விடியும்வரை திறந்தே கிடந்திருக்கும்.