குமரிக் கண்டமும் அரியலூர்க் கல்லும்

மொழிப்பற்று ஒன்று, மெய்ப்பற்று மற்றொன்று எனப் பிரித்து வைப்போர் தமிழுக்கு நன்மை செய்பவர் ஆகார். பாரிட் புந்தார் போன்ற சிற்றூர்களில் தொடங்கித் தலைநகர் வரை, தமிழ்விழா மேடைகளில் மாணாக்கர் முழங்கும் செய்தி ஒன்றுண்டு. இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய இலெமூரியாவே தமிழரின் பிறந்தகம் என்பதும், மேலைநாட்டு அறிவியலாரே அதனை மெய்ப்பித்துவிட்டனர் என்பதுமே அச்செய்தி. எழுதிக் கொடுப்பவர் ஆசிரியர், கைதட்டுவோர் பெற்றோர். முற்பகுதி நம்பிக்கை, பிற்பகுதி பிழை. பிழையை இளையோர் நாவில் ஏற்றுவது கல்வியாகுமா?

இலெமூரியா என்னும் பெயர் பிறந்தது 1864-ஆம் ஆண்டில். மடகாசுகர்த் தீவில் இலெமூர் என்னும் விலங்கும், இந்தியாவில் அதன் உறவினமான தேவாங்கும் வாழ்வது எங்ஙனம் என வினவினார் ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர். இவ்விடங்களை இணைத்த நிலம் ஒன்று கடலுள் ஆழ்ந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, அதற்கு அப்பெயரை இட்டார். அங்கே தமிழர் வாழ்ந்ததாக அவர் எழுதவில்லை. அஃது ஒரு கருதுகோள்; அவ்வளவே. 1912-இல் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960-களில் கடற்றளத்தை ஆராய்ந்தோர் அதனை உறுதிப்படுத்தினர். கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது எனத் தெளிந்தபின், அறிவியல் இலெமூரியாவைக் கைவிட்டது. தமிழ் மேடை மட்டும் கைவிடவில்லை.

இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. கற்பனைக் கண்டத்தைப் பற்றிக்கொண்ட கைகள், தமிழ் மண்ணிலேயே கிடந்த மெய்ச்சான்றுகளை நழுவவிட்டன. கேய், கன்லிப் என்னும் இரு சென்னை மாகாண அலுவலர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை, 1846-இல் இலண்டனில் எட்வர்ட் போர்ப்சு விளக்கி வெளியிட்டார். 1862-இல் வெளிவந்த தம் அறிக்கையில் ஹென்றி பிளான்போர்டு அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவர்பின் வந்த மொராவியா நாட்டவர் பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா, அங்குக் கிடைத்த கடலுயிர்களுக்குப் பெயரிட்டு 1873 வரை பெருந்தொகுதிகளாக எழுதினார். மறு ஆண்டு இமயத்தின் அப்பாலைப் பயணத்திலேயே உயிர் துறந்தார். சாளக்கிராமம்போல் சுருண்ட அம்மோனைட்டு ஒன்றுக்கு 1865-இல் அவர் இட்ட பெயரில் அரியலூர் இலத்தீன் உருவில் இன்றும் வாழ்கிறது. உலகறிந்த அப்பெயரைத் தமிழ் மாணாக்கருள் எத்துணை பேர் அறிவர்?

அதே பிளான்போர்டு 1875-இல் இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த பழைய நிலம் ஒன்று இருந்தது என வாதிட்டார். பிற்காலத்தார் அவர் முடிவைத் திருத்தினர். அவர் கண்ட கல்லைத் திருத்தவில்லை. கருத்து மாறும், சான்று நிற்கும் என்பதே அறிவியலின் அறம். தமிழரோ மாறும் கருத்தை மறையாக்கி, நிற்கும் சான்றை மறந்தனர். கல்லமேட்டில் கண்டெடுத்த பெருவிலங்கின் எலும்புகளுக்கு 1980-களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் 'புருகத்காயோசாரசு' எனப் பெயரிட்டனர். உலகின் மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாகக் கருதப்படும் அதன் எலும்புகள் காக்கப்படாது சிதைந்து போயின. இல்லாத கண்டத்திற்குச் சிந்திய கண்ணீரில் ஒரு துளியேனும் இவ்வெலும்புகளுக்குச் சிந்தப்பட்டதா?

இவ்வாறு கூறினால் தமிழின் தொன்மை குன்றும் என்று அஞ்சுவோர் உளர். அச்சம் வீண். அரியலூர்ப் பாறைகள் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டு முதல் பத்துக் கோடி ஆண்டு வரை பழமையானவை. இன்றைய மாந்தரினம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. எனவே, கல்லின் வயதை மொழிக்குக் கடன் வாங்குதல் ஆகாது. தமிழின் தொன்மைக்குச் சங்க நூல்களும் மாங்குளம் குகைக் கல்வெட்டும் போதிய சான்று. கடல்கோள் பற்றிய பழஞ்செய்தி இலக்கிய நினைவாகவே மதிக்கத்தக்கது. அதற்கு இலெமூரியா என்னும் ஊன்றுகோல் வேண்டுவதில்லை.

மலேசியத் தமிழர்க்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. பேராக்கின் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் தென்னார்க்காடும் அடங்கும். தோட்டத்து மூதாதையர் பலர் உழுத மண் அதுவே. அவர்கள் வந்து சேர்ந்த மண்ணும் வெறுமையானதன்று. ஈப்போவுக்கு அருகே ஈயப் படிவு நிறைந்த சுண்ணாம்புக் குகையில் கிடைத்த பழங்கால விலங்குகளை டச்சு அறிஞர் ஹூயர் 1962-இல் விளக்கினார். இன்று இந்நாட்டில் இல்லாத நீர்யானையும் அவற்றுள் ஒன்று.

ஆகவே, ஆசிரியர் செய்யவேண்டுவது யாது? மாணாக்கர்க்கு மேடை முழக்கம் எழுதித் தருவதை நிறுத்துக. அவர்களை ஈப்போவிலுள்ள புவியியல் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்க. புதைபடிவம், பாறையடுக்கு, ஊழி ஆகிய சொற்களைக் கல்லின் முன் நிறுத்திக் கற்பிக்க. பத்துக் கோடி ஆண்டுப் பழமையைத் தமிழில் தெளிவுற விளக்கும் மாணவன் ஒருவன் எழுவானாயின், மூழ்காத பெருமை தமிழுக்கு அன்றே கிட்டும்.