காரைத் தொடைக்காதீங்கய்யா!

மக்களே, தலைப்பைப் பாத்துட்டு "கார் கழுவ சோம்பேறித்தனப்பட்டுக்கிட்டு பதிவு போடறான்"னு முடிவு கட்டிராதீங்க. முழுசா படிச்சிட்டு அப்புறமா கும்முங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நம்மூர்ல கார் பெயிண்ட்டை முதல்ல கெடுக்கறது வெயிலும் இல்ல, மழையும் இல்ல, காக்காவும் இல்ல. தினமும் காலைல காஞ்ச துணியால அதைத் தேய்க்கற பழக்கம். அந்தப் பழக்கம் போட்ட கீறலைக் காட்டி "கோட்டிங் போட்டுக்கங்க சார்"னு ஆயிரக்கணக்குல கறக்கறது அடுத்த கூத்து. ரெண்டுக்கும் காசு குடுக்கறது நாம. திட்டு வாங்கறது மட்டும் காலங்கார்த்தால அஞ்சு மணிக்கு ஒத்த பக்கெட்டோட வந்து நிக்கற கார் தொடைக்கிற அண்ணன்.

நம்ப மாட்டீங்க, தெரியும். கீழ எறங்கிப் போய் போன் டார்ச்சை பானெட் மேல அடிச்சுப் பாருங்க. வெளிச்சத்தைச் சுத்தி சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுதா? உண்மையில அது வட்டமே இல்ல. தாறுமாறா கிடக்கற ஆயிரக்கணக்கான பொடிக் கீறல்ல, வெளிச்சத்துக்குக் குறுக்கால இருக்கறது மட்டும் பளிச்சுனு அடிக்குது, அதனால வட்டமாத் தெரியுது. கருப்புக் கார்ல இது கண்றாவியா இருக்கும். வெள்ளைக் கார்ல அவ்வளவாத் தெரியாது. வெள்ளைக் கார் வச்சிருக்கறவங்க நிம்மதியாத் தூங்கறதோட ரகசியம் இதான்.

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டப் போன கோடானுகோடி பேர்ல நானும் ஒருத்தன். படிச்சதுல உருப்படியா ஞாபகம் இருக்கறதை இங்கயாச்சும் உபயோகப்படுத்திக்கறேன். கார் பெயிண்ட்னு நாம சொல்றது ஒரே பூச்சு இல்ல. தகட்டு மேல பாஸ்பேட், அது மேல துரு பிடிக்காம இருக்க மின்சாரத்தால ஒட்ட வைக்கிற ஈ-கோட், அப்புறம் பிரைமர், அப்புறம் நிறம் இருக்கற பேஸ் கோட், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேத்து சுமாரா 100லேர்ந்து 130 மைக்ரான் வரும். ஒரு ஏ4 தாளோட கனம் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதாவது உங்க பல லட்ச ரூவா காரோட அழகு மொத்தமும் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கனத்துல நிக்குது. அதுலயும் நம்ம கை படற கிளியர் கோட் வெறும் 40, 50 மைக்ரான்தான். பாதித் தாள். வெயிலோட புற ஊதாக் கதிரைத் தடுக்கற சரக்கும் இந்தப் பாதித் தாளுக்குள்ளதான் இருக்கு.

இப்ப தூசிக்கு வருவோம். நான் இருக்கறது ஓ.எம்.ஆர். பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம் கட்டறான். காத்துல பறக்கறதுல பாதி மணல்தான். மணல்ங்கறது பெரும்பாலும் குவார்ட்ஸ். 1812ல மோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் கனிமங்களோட கடினத்தை ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் வரிசைப்படுத்தினார். அதுல வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு. ஜன்னல் கண்ணாடியையே கீறிடும். கிளியர் கோட் என்னவோ ஒருவகை பிளாஸ்டிக்தான், அது எம்மாத்திரம்? அது மேல ராத்திரி பூரா மணல் படிய விட்டு, காலைல காஞ்ச துணிய வச்சு ஒரு அழுத்து அழுத்தித் தேய்ச்சா அதுக்குப் பேரு உப்புத்தாள். சுத்தம் பண்றதுன்னு நாமளா பேர் வச்சுக்கிட்டோம். கலர் கலரா குஞ்சம் வச்ச டஸ்டர் விக்கறாங்களே, அதுவும் இதே கதைதான். முதல் கதவுல எடுத்த மணலை நாலாவது கதவு வரைக்கும் இழுத்துட்டுப் போகும். காருக்கு உறை போட்டு மூடறவங்களும் ரொம்ப சந்தோசப்படாதீங்க. தூசியோட இருக்கற கார் மேல உறையப் போட்டா, காத்தடிக்கறப்ப அதுவே தேய்ச்சுக்கும். தனியா ஆள் வேண்டாம்.

"நாங்கல்லாம் அம்பாசடர் வச்சிருந்தோம் தம்பி, டெய்லி தொடைப்போம், இருவது வருசம் கண்ணாடி மாதிரி இருந்துது"ன்னு எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு மாமா சொல்வார். உங்க அப்பார்ட்மெண்ட்லயும் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். மாமா பொய் சொல்லல. ஆனா அந்தக் காலத்து பெயிண்ட்ல கிளியர் கோட்டே கிடையாது, நிறமே நல்ல கனமா மேல வரைக்கும் இருக்கும். பாலிஷ் போட்டா துணில கார் கலர் ஒட்டும், மங்கின தோல் போய் அடியில இருக்கற புதுசு வெளிய வரும். கீறினாலும் தேய்ச்சுக்கலாம். அம்பாசடர் தயாரிப்பே 2014ல நின்னு போச்சு. அந்த வைத்தியத்தை இன்னிக்கு வர்ற கார்ல காட்டினா தேயறது பாதித் தாள்.

சரி, தொடைக்கிற அண்ணன் மேலதான தப்புன்னு கேப்பீங்க. இங்கதான் எனக்குக் கோவம் வருது. எங்க பிளாக்ல அவர் பாக்கறது 18 கார். அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள முடிக்கணும், அப்புறம் சாருங்கல்லாம் ஆபீஸ் கிளம்பிடுவாங்க. மூணு மணி நேரத்தை 18ஆல வகுத்தா காருக்குப் பத்து நிமிசம். அசோசியேசன் அவருக்கு அனுமதிச்சிருக்கற தண்ணி ரெண்டு பக்கெட், ஏன்னா எங்க ஏரியாவுக்குத் தண்ணி லாரிலதான் வருது. ரெண்டு பக்கெட்ல 18 கார்! பதினெட்டாவது காருக்குப் போறப்ப அது தண்ணி இல்லீங்க, மத்த பதினேழு காரோட மண்ணு. காருக்கு மாசம் ஐநூறு ரூவா. துணி அவர் வீட்டுப் பழைய பனியன். இந்தக் கண்டிசன்ல உலகத்துல எந்தக் கொம்பனாலயும் கீறாம தொடைக்க முடியாது. ஆனா போன மாசம் ஒரு சார், கருப்பு காரு, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அவர் சம்பளத்துல முன்னூறு பிடிச்சுக்கிட்டார். அதே சார் மறுநாள் காலைல "என்னப்பா இன்னிக்கு தொடைக்கலையா, தூசியா கெடக்கு"ன்னு கேக்கறார். உப்புத்தாளை தினமும் கேட்டு வாங்கிட்டு, கீறலுக்கு ஃபைன் போடற நியாயம் எந்த ஊரு நியாயம்?

அந்த சார் அடுத்து எங்க போவார்னு எனக்குத் தெரியும். கோட்டிங்.

நண்பன் ஒருத்தன் புதுக் கார் எடுக்கறப்ப துணைக்குப் போயிருந்தேன். ஷோரூம் பேர் வேண்டாம், எல்லா ஷோரூமும் ஒண்ணுதான். "சார் இது 9எச் செராமிக். டயமண்ட் பத்து, நம்ம கோட்டிங் ஒம்போது"ன்னாரு விற்பனையாளர். நண்பன் வாயப் பொளந்துட்டான். ஐயா, அந்த 9எச் மோஸ் அளவே இல்ல. அது பென்சில். நெசமாத்தான் சொல்றேன், நாம எழுதற பென்சில். எச்பி, 2எச்னு கடைல கேட்டு வாங்குவோமே, அதோட கடைசிப் படி 9எச். பென்சிலை சாய்வா வச்சுத் தள்ளி எந்த பென்சிலுக்கு பூச்சு கீறுதுன்னு பாக்கற சோதனை அது. கிராபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் கீறலைங்கறதுக்காக குவார்ட்ஸ் மணல் கீறாதுன்னு யார் சொன்னா? செராமிக் கோட்டிங் முழுக்க டுபாக்கூர்னும் நான் சொல்லல. ஒழுங்கான சரக்கை ஒழுங்காப் போட்டா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாப் போகும், காக்கா எச்சத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனா அதோட கனம் ஒண்ணு, ரெண்டு மைக்ரான். அது மேலயும் காஞ்ச துணில தேய்ச்சா அதுவும் கீறும். சின்னக் கல் தெறிக்கறதைத் தாங்கணும்னா 150, 200 மைக்ரான் கனத்துல பாலியூரித்தேன் பிலிம் ஒட்டறாங்க, அது வேற, விலையும் வேற.

டெஃப்லான் கோட்டிங் இன்னும் பெரிய காமெடி. டெஃப்லானுக்கே பெருமை எதுவும் ஒட்டாதுங்கறது. தோசைக்கல்லுல அதை ஒட்ட வைக்க 327 டிகிரிக்கு மேல சூடாக்கி உருக்கறாங்க. உங்க பானெட்டை அந்தச் சூட்டுல வச்சா பெயிண்டே இருக்காது. சாயங்காலம் மூணு மணிக்கு விட்டு அஞ்சு மணிக்கு எடுக்கற கார்ல அது எப்படி ஒட்டுச்சுன்னு கேளுங்க, தலையச் சொறிவாங்க.

இலவச பாலிஷும் இதே ரகம். காம்பவுண்ட் போட்டு மெசின்ல தேய்ச்சா கிளியர் கோட்டைத்தான் சீவி எடுக்கறாங்க. கீறலோட பள்ளம் வரைக்கும் மேட்டை இறக்கறதுதான் பாலிஷ். வருசா வருசம் இறக்கினா பாதித் தாள்ல என்ன மிஞ்சும்? சில இடத்துல சீவக்கூட மாட்டாங்க, எண்ணெயும் மெழுகும் வச்சு கீறலை ரொப்பி மினுக்கிக் குடுப்பாங்க. நாலு கழுவு கழுவினா பழைய குருடி கதவைத் திறடிதான்.

அப்ப என்னதாண்டா பண்ணச் சொல்றன்னு கேக்கறீங்களா? தூசி சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. தேய்ச்சாதான் கீறும். ரெண்டு நாள் தூசியோட ஓட்டுங்க, மானம் போயிடாது. கழுவறப்ப முதல்ல தண்ணி விட்டு மணலை இறக்கிடுங்க. ரெண்டு பக்கெட் வைங்க, ஒண்ணுல கார் ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் உறைய ஒவ்வொரு பக்கமும் தேய்ச்சதும் வெறும் தண்ணில அலசிட்டு அப்புறம் ஷாம்பூல முக்கணும். கூரைலேர்ந்து ஆரம்பிச்சு கீழ வரணும், சக்கரத்துக்குத் தனித் துணி. வெயில்ல வச்சு கழுவக் கூடாது. துணி துவைக்கிற பவுடர் வேண்டவே வேண்டாம், காரம். காக்கா எச்சம்தான் அவசரம். அது அமிலம், வெயில்ல காய்ஞ்சா கிளியர் கோட்டை அரிச்சிடும். ஈரத்துணிய அது மேல அஞ்சு நிமிசம் போட்டு ஊற வச்சு எடுங்க. சுரண்டாதீங்க.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. ஆர்.ஓ. மெசின் கழிவுத் தண்ணிலதான் கார் கழுவறேன்னு பெருமையா சொல்ற புண்ணியவான்களே, நோக்கம் நல்லதுதான். ஆனா போர் தண்ணில இருக்கற உப்பெல்லாம் அதுல சேர்ந்து வருது. காய்ஞ்சா வெள்ளை வெள்ளையா திட்டு விழும். அதை வீடு துடைக்க வச்சுக்குங்க. ஏசிலேர்ந்து சொட்டுதே, அதுல உப்பு அனேகமா இருக்காது. கடைசி அலசலுக்கு அதைப் பிடிச்சு வைங்க. 2019 ஜூன்ல புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்ததைப் பாத்த ஊரு இது. பெங்களூர்ல 2024 மார்ச்சுல குடிதண்ணில கார் கழுவினா ஐயாயிரம் அபராதம்னாங்க. ஹோசைத் திறந்து விட்டுட்டு போன் பேசறவனுக்கு இந்தப் பதிவு வக்காலத்து இல்ல. பக்கெட்ல ஒரு மூடி ஊத்தி, அலசாமலே துடைச்சு எடுக்கற ரின்ஸ்லெஸ் சரக்கு கிடைக்குது. சேறு இல்லாத காருக்கு எட்டு லிட்டர் போதும்.

இப்ப எங்க பிளாக் கணக்கு. 18 கார், வாரத்துக்கு ரெண்டு தடவை, மொத்தம் 36. ஆறு நாள்ல ஒரு நாளைக்கு ஆறு கார். அதே மூணு மணி நேரம், காருக்கு அரை மணி. தண்ணி 48 லிட்டர், இப்ப குடுக்கறதை விட ஒரு பக்கெட் கூட. நல்ல துணி, மருந்து எல்லாம் 18 வீடும் பங்கு போட்டா ஒரு சினிமா டிக்கெட் காசு வராது. இதை எக்செல் போட்டு அசோசியேசன் குரூப்ல அனுப்பினேன். வந்த முதல் பதில்: "வாரம் ரெண்டு நாள்தான்னா எதுக்கு ஐநூறு? இருநூறு போதும்." முன்னூறு பிடிச்ச அதே சார்தான். அவர் கார்ல செலவாகப் போறது மாசம் நாலு மணி நேரத்துக்கு மேல. அந்த சாரோட ஆபீஸ்ல அவருக்கு மணிக்கு என்ன ரேட்டுன்னு கேட்டு பதில் போட்டிருக்கேன். ரெண்டு நீலக் கோடு விழுந்து மூணு நாளாச்சு, பதில் இல்ல.

டிஸ்கி: பைக்குக்கும் இதேதானான்னு கேக்கப் போறவங்களுக்கு, டேங்குக்கு இதேதான். செயினுக்கு இல்ல.