காவல் மட்டும் போதுமா?

உடம்பிற்கு வாயிலாக அமைந்தவை மூக்கும் தொண்டையும். இந்தியக் கரையிலிருந்து இலங்கைக்கு வருவோருக்கு நெடுங்காலம் வாயிலாக விளங்கியது மன்னார். இவ்விரு வாயில்களாலும் நோய் நுழையும் என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் வாயிலிலே காவலரை நிறுத்துவதில் அவர்கள் காட்டிய வேகத்தை, வைத்தியரை நிறுத்துவதிற் காட்டியதில்லை. 2020ஆம் ஆண்டிற் பரவிய கொள்ளைநோய் இவ்வுண்மையை மீண்டும் எமக்கு உணர்த்திற்று.

19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்த தோட்டத் தொழிலாளர் பலர் வாந்திபேதிக்கு இரையாகி வழியிலேயே மாண்டனர். பின்னர் மண்டபத்தில் முகாம் எழுந்தது. அங்கே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே தொழிலாளர் தலைமன்னாருக்குக் கப்பலேற்றப்பட்டனர். தோட்டங்களைக் காக்கவே அக்காவல். இடைவழியில் வாழ்ந்த மன்னார் மக்களின் நலம் அக்கணக்கிற் பின்தள்ளப்பட்டே கிடந்தது.

கொவிட் கிருமி முதலிற் குடியேறும் இடங்களுள் தலையாயது மூக்கின் உட்சவ்வு. மணமறியும் நரம்புகளைத் தாங்கி நிற்கும் கலங்களை அது தாக்கியது. அதனாலேயே நோயுற்ற பலருக்கு மல்லிகையின் மணமும் தெரியவில்லை. கருவாட்டின் வாடையும் தெரியவில்லை. மணம் இழத்தல் இந்நோயின் அடையாளம் என்று 2020 மார்ச் மாதத்திலேயே எடுத்துரைத்தவர்கள் பிரித்தானியக் காது மூக்கு தொண்டை வைத்தியர்கள். அந்நாட்டு அரசாங்கம் அதனை அறிகுறிப் பட்டியலிற் சேர்த்ததோ மே மாதம் 18ஆம் திகதியில். இந்தியா சேர்த்தது யூன் மாதத்தில்.

பிறரை எச்சரித்த இவ்வைத்தியர்களே பேராபத்தில் நின்றனர். நோயாளியின் மூக்கிற்கும் வாய்க்கும் நேராகக் குனிந்து பார்ப்பதே அவர்தம் தொழில். செயற்கைச் சுவாசப் பொறியிற் பல நாட்கள் கிடந்தோருக்கு மூச்சுக்குழாயிலே துளையிட்டு வழியமைக்கும் பணியும் பெரிதும் அவர்களையே சார்ந்தது. இங்கிலாந்தில் இத்துறை நிபுணர் அம்ஜத் எல்-ஹவ்ரானி 2020 மார்ச் 28ஆம் திகதி இந்நோய்க்குப் பலியானார். ஆதலால் உலகெங்கும் அவசரமற்ற பரிசோதனைகளும் சத்திரசிகிச்சைகளும் தள்ளிவைக்கப்பட்டன. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் நோய் காத்திருக்குமா? பிந்திக் காணும் தொண்டைப் புற்றுநோய் உயிரை வாங்கும். சீழ் வடியும் காதைக் கவனியாது விட்டால் செவிப்புலன் குன்றும்.

தள்ளிவைப்பின் சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல. மன்னாரிலிருந்து வவுனியா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் 100 கிலோமீட்டருக்கும் மேல். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறந்தபோது இத்தொலைவு பன்மடங்கு நீண்டது. 2022இல் எரிபொருளின்றி வண்டிகள் நின்றபோதும் அவ்வாறே. பெருநகரத்து நோயாளிக்குக் கிடைத்தது தாமதம். தொலைவிலே கிடந்தவருக்கு அதுவே மறுப்பு.

இம்மாவட்டத்தின் தொழில்களை நோக்குவோம். எம் மீனவரிற் பலர் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலடிக்குச் செல்கின்றனர். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழாய் சளியால் அடைபட்டிருக்கையில் மூழ்கினால், நீரின் அழுத்தத்தாற் செவிப்பறை கிழியக்கூடும். தடிமனோடு கடலில் இறங்கியவன் காதில் இரத்தத்தோடு கரையேற நேரிடும். கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் கமக்காரனோ, சூடடிப்புத் தூசியால் வந்த மூக்கடைப்பென்று எதனையும் ஒதுக்கிவிடுகிறான். அவன் நீரிழிவு உடையவனாயின் ஆபத்து இருமடங்கு. 2021இல் இந்தியாவிலே கொவிட் நோயுற்றோரைக் கறுப்புப் பூஞ்சை பற்றியது. நீரிழிவும் ஸ்டெரோயிட் மருந்தின் மிகையும் அதற்கு வழிவிட்டன. மூக்கிலே தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும் அப்பூஞ்சையால் யூன் மாத முடிவிற்குள் 40,000க்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். அழுகிய தசையை உடனே அகற்றும் கைகள் அருகில் இருந்த இடங்களிற் பலர் பிழைத்தனர். அந்நாட்டிற்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டரே.

"ஒரு இலட்சத்திற்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டத்திற்குத் தனி நிபுணர் எதற்கு?" என்று கேட்போர் உளர். தலையை மட்டும் எண்ணுவோர், கடலையும் காட்டையும் தூரத்தையும் எண்ணுவதில்லை. அருகில் வேறு பெருவைத்தியசாலை உள்ள நகரத்திற்கு ஒரு நிபுணர் குறைந்தாற் பெருங்கேடில்லை. மன்னாருக்கு ஒருவர் குறைந்தால் அத்துறையே இல்லாது போகும். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நிபுணர் பலர் நாட்டை விட்டு நீங்கினர். அத்தகைய வேளையில் முதலில் வெறுமையாவது எல்லைப்புறத்து நாற்காலியே.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் சுகாதாரத்தை மாகாணத்திடம் ஒப்புவித்தது. எனினும் நிபுணரை நியமிக்கும் அதிகாரம் கொழும்பிலேயே தங்கியது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் நெடுங்காலம் தேர்தல் நடத்தப்படவில்லை. கட்டடம் ஒருவரிடம், நியமனம் வேறொருவரிடம், கேள்வி கேட்கவேண்டிய சபையோ வெற்றிடம். இந்நிலையில் நோயாளி யாரிடம் முறையிடுவான்?

ஆகவே நாம் கேட்பன இவை. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைத் துறை என்றும் வெறுமையாகாதிருக்க வேண்டும். ஒருவர் மாற்றம் பெறுமுன் மற்றவர் வந்து சேரவேண்டும். அத்துறைக்கான கருவிகளும், ஒட்சிசனும், தாதியர்க்குரிய பாதுகாப்பு அங்கிகளும் அடுத்த கொள்ளைநோய்க்கு முன்பே சேமிக்கப்பட வேண்டும். தலைமன்னாரிலும் சிலாவத்துறையிலும் முருங்கனிலும் குறித்த நாட்களிற் பரிசோதனை நடைபெற வேண்டும். கடலில் மூழ்குவோர் ஒவ்வொருவரின் செவியும் பருவத்திற்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும்.

எம்மவர்க்கும் கடமை உண்டு. கற்று உயர்ந்த இளம் வைத்தியர்கள் மன்னாரைத் தண்டனைக் களமாகக் கருதலாகாது. கமக்காரரும் மீனவரும் மாதக்கணக்கான குரற்கம்மலையும் காதுச் சீழையும் கைமருந்தால் மூடலாகாது.

சலுகை கேட்டு நாம் கைநீட்டவில்லை. நோய் வருங்காலத்திற் கதவை அடைக்குமாறு எம் மக்களைக் கேட்கும் அரசு, அக்கதவின் உள்ளே ஒரு வைத்தியரை வைத்திருக்கக் கடமைப்பட்டுள்ளது.