எந்த வில்லை வாங்குவது?

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த பாறைக் கோயிலைக் கொண்டு வெளியூரார் அறிவர். பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் சூழ்ந்த அப்பக்கத்தில் முயலும் கௌதாரியும் உண்டு. கவட்டையில் கல் வைத்து எறிந்து பழகிய பிள்ளைகள் வளர்ந்தபின், விசையை இழுத்தால் அம்பு பாயும் குறுக்குவில்லின் மேல் ஆசை கொள்கின்றனர். எத்தகைய வில்லை வாங்கலாம், அதனால் வீழ்ந்ததை உண்ணலாமா என்பது கேள்வி.

வாசகர்களே! மார்க்கம் வில்லின் விலையையும் விசையையும் பார்ப்பதில்லை; உயிர் எதனால் பிரிந்தது என்றே பார்க்கிறது. வேட்டையில் பழகிய நபித்தோழர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் எறிகோலைப் பற்றி வினவியபோது, கூர்முனை தைத்துச் செத்ததை உண்ணலாம் என்றும், கோல் குறுக்காகப் பட்டு அடியினால் செத்ததை உண்ணலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. அடிபட்டுச் செத்ததைத் திருமறையும் (5:3) விலக்குகிறது.

இவ்விதியைக் கைக்கொண்டால் கருவிகள் தாமே இரண்டாகப் பிரிந்துவிடும். கூரிய அம்பு ஒருபுறம்; கவட்டைக் கல்லும் களிமண் உருண்டையும் மறுபுறம். துப்பாக்கிக் குண்டையும் பிற்கால ஹனஃபீ அறிஞர் பலர் உருண்டையின் பக்கமே சேர்த்தனர். ஆதலின், கவட்டையடியில் செத்த புறாவை மகன் அடுக்களைக்குக் கொண்டுவந்தால், அவன் எத்தனை முறை பிஸ்மில்லாஹ் கூறி எறிந்திருப்பினும், தாய் அதைச் சட்டியில் இடலாகாது. உயிரோடு கைக்குக் கிடைத்து முறைப்படி அறுத்திருந்தால் அது வேறு. அம்பு பட்டு நீரில் விழுந்து செத்துக் கிடப்பதையும் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்போ நீரோ, யார் அறிவார்?

அப்படியாயின் கூர் அம்புடைய குறுக்குவில்லை வாங்கிவிடலாமே எனில், வேட்டைக்காக வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலையும் கௌதாரியையும் வேட்டையாடுவது குற்றம். அம்பு தவறினாலும் முயன்றதே குற்றம். அல்லாஹ் ஆகுமாக்கியதை அரசு தடுப்பதா என்று வாதிடுவோர் உளர். ஆகுமானது வேறு, கடமை வேறு. முயலை உண்ணாதவன் எந்தக் கடமையையும் விட்டவனாகான். அருகிவரும் உயிர்களைக் காக்கப் பொது நன்மை கருதி இடப்பட்ட தடையை ஏற்பதில் மார்க்கத்துக்கு முரண் ஏது? இஹ்ராமில் இருப்போருக்கு அல்லாஹ்வே நிலத்து வேட்டையைத் தடுத்தான். கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணி வருவதை ஒரு சோதனை என்றே திருமறை (5:94) கூறுகிறது.

அம்பெய்யும் பயிற்சியை நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். ஆசையுள்ள பிள்ளை வைக்கோல் பொதியைக் குறியாக வைத்துப் பழகட்டும். கோழியையோ அணிலையோ கட்டிவைத்தல்ல. பறவையொன்றைக் கட்டிவைத்து எய்துகொண்டிருந்த குறைஷி இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ளதைக் குறியாக்குபவனை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை அவர்கள் அங்கேயே எடுத்துரைத்தார்கள்.