சோழனுக்கு யார் ஒப்பாரி வைப்பது?

சோழராட்சி 1279இல் மூன்றாம் ராசேந்திரனோடு முடிந்துபோனது. எழுநூறு வருசத்துக்கு மேல் ஆகியும் அந்த விசுவாசத்தை நம்மிடம் வசூல் பண்ணுகிறார்கள். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது வங்கியில் பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "நம்ம ராசா கதை, இன்னும் பாக்கலியா?" அந்த 'நம்ம'வில் நான் எங்கே இருக்கேன்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கேன். கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த ராசராசன், வரியில்லாமல் கழித்துவிட்ட நிலங்களைக் கணக்கெழுதி வைத்தான். ஊர் நத்தம், குளம், வாய்க்கால்; அந்த வரிசையிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாடும் நமக்குத் தனி. தீண்டாமை பின்னால் வந்தவன் கொண்டாந்தது என்று கதை விடும் தமிழ்ப் பெருமக்கள் அதை ஒருதரம் படிக்கட்டும். இங்கே பக்கத்தில் திருபுவனையில் 1048ஆம் வருசக் கல்வெட்டு ஒரு கல்லூரியைச் சொல்கிறது. 12 ஆசிரியர், 260 மாணவர், வேதமும் சாத்திரமும் பாடம். சேரிப் பிள்ளை இருந்தானா என்று கேக்கவே வேணாம்.

சரி, சோழன் விழுந்தபோது விசுவாசம் காட்டினவன் யார்? 1231இல் மூன்றாம் ராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தவன் கோப்பெருஞ்சிங்கன், சோழருக்குக் கீழிருந்த காடவர் குலத்தான். மீட்க வந்தது கன்னடத்துப் போசள நரசிம்மனின் படை. கடலூர்ப் பக்கம் திருவயிந்திரபுரத்தில் இதைக் கல்லிலேயே வெட்டி வச்சிருக்கு. இனமானம் பேசுகிறவர்கள் இதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்கள்? கூட இருந்த சிற்றரசனே காட்டாத விசுவாசத்தை, வயலில் சேறு மிதித்தவனின் பேரன்கிட்ட கேக்குறாங்க.

பாண்டியன் வந்தான், நாயக்கன் வந்தான், மராட்டியன் வந்தான். கோட்டைதான் கை மாறியது, சேரி மாறலை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தியது அதே சோழநாட்டு வயலோரம்தான். கேட்டது கூலி.

எங்க குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமா நடந்தா, சூலை 14இல் மெடல் குத்திக்கிட்டு நிற்கும் பிரெஞ்சு சொல்தாக்களைப் பார்க்கலாம். சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். 1954இல் கொடி இறங்கின பின்னும் அவங்களுக்குப் பென்ஷன் வந்தது. சோழ விசுவாசத்துக்கு நமக்கென்ன வரவு? கவுண்டரில் உட்காருகிறவன், கணக்குக் கேக்கத்தான் செய்வேன்.

கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாச்சு. 2019 சூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித் ராசராசன் காலத்தில் நிலம் போன கதையைப் பேசினார். போலீஸ் வழக்குப் போட்டது. செத்து ஆயிரம் வருசமான ராசாவைப் பேசினால் இன்னிக்குக் கலவரம் வருமாம்!

பொற்காலப் பாடம் நடத்துகிற வாத்தியார்கள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும்போதே அந்தக் கல்லில் இருக்கும் தீண்டாச்சேரியையும் பிள்ளைங்களுக்குச் சொல்லட்டும். ஒப்பாரியைப் பற்றி அப்புறம் பேசலாம்.