வாய்க்காலுக்குத் தந்த சரிவு மனிதனுக்கு இல்லையா?

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை இருக்கிறது. அங்கிருந்துதான் ராஜா வாய்க்கால் புறப்படுகிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று வட்டாரமே போற்றும் அந்த வாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று கிளை பிரிந்து, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் உயிர் கொடுக்கிறது. எந்திரம் இல்லாத காலத்தில் வெட்டிய வாய்க்கால் அது. எதை நம்பி வெட்டினார்கள்? சரிவை நம்பி வெட்டினார்கள். மண்ணைச் சீராகச் சரித்துக் கொடுத்தார்கள். கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உழவன் தண்ணீரின் மீது பழி போடுவதில்லை. "வழியில் மேடு தட்டியிருக்கிறது, வெட்டிச் சரிசெய்ய வேண்டும்" என்கிறான். ஆனால், கால் சூம்பிய ஒருவர் மனு கொடுக்க வந்து, அலுவலகப் படி ஏற முடியாமல் வாசலில் நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? "பாவம், அவருக்கு நடக்க முடியாது" என்கிறோம். "இந்த அலுவலகத்துக்கு வழி சரியில்லை" என்று சொல்வதில்லை. தண்ணீருக்குச் செய்த நியாயத்தை மனிதனுக்குச் செய்ய மறுக்கிறோம். குறை அவர் காலில் இருக்கலாம். தடையோ நாம் கட்டிய படியில் இருக்கிறது. காலைத் திருத்த மருத்துவரால் முடியாமற் போகலாம். படியைத் திருத்தக் கொத்தனார் ஒருவர் போதும்!

இது ஏதோ நாலைந்து பேருடைய சங்கதி அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அதன் பின் வந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அத்தனையையும் சேர்த்து எண்ணினால் தொகை கூடுமே தவிரக் குறையாது.

சிமெண்டால் கட்டிய படியை விட உயரமான படி ஒன்று உண்டு. அது மனத்திலே கட்டிய படி. "முற்பிறவிப் பாவம்" என்பது அதன் பெயர். 2024 ஆகஸ்டு இறுதியில், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலே மாணவிகள் முன் பேச வந்த ஒருவர், பழைய பிறவியின் வினைதான் உடற்குறையாக வருகிறது என்று பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று எதிர்த்துக் கேட்டார். அந்த ஆசிரியருக்கு நாடே கடமைப்பட்டிருக்கிறது.

நாமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளைகளின் காலைச் சூம்ப வைத்த இளம்பிள்ளை வாதம் முற்பிறவிப் பாவத்தால் வந்தது என்றால், இரண்டு சொட்டு மருந்து அந்தப் பாவத்தை எப்படிக் கழுவியது? 2011 ஜனவரிக்குப் பின் இயற்கைப் போலியோக் கிருமி இந்தியாவில் எந்தக் குழந்தையையும் முடக்கவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் அளித்தது. பாவம் தீர்ந்ததா, கிருமி ஒழிந்ததா? விடையைப் பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் இன்னும் பல வீடுகளில் பிள்ளையைத் திண்ணைக்கு வராமல் மறைக்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் பள்ளிக்கும் அனுப்பாமல், திருமணப் பேச்சையும் எடுக்காமல் இருட்டறையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

பிறரைச் சொல்லும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "குருட்டு அரசு", "செவிட்டு அதிகாரி", "நொண்டிச் சாக்கு" என்றெல்லாம் மேடையில் முழங்குகிறோம், கைதட்டலும் வாங்குகிறோம். கூட்டத்தின் ஓரத்தில் ஊன்றுகோலுடன் நிற்கும் தோழருக்கு அந்தக் கைதட்டல் எப்படி இருக்கும் என்று நினைத்தோமா? திரைப்படங்கள் குறைபாட்டைக் கேலிப் பொருளாக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. கழக மேடைக்கு அந்த நெறி வேண்டாமா? "ஊனமுற்றோர்" என்ற சொல்லை நீக்கி, "மாற்றுத்திறனாளிகள்" என்ற பெயரைக் கலைஞரின் ஆட்சி 2010இல் தந்தது. பெயரைக் கொடுத்த இயக்கத்துக்கு, அந்தப் பெயருக்கேற்ப நடக்கும் பொறுப்பு மற்றவரைவிட அதிகம்.

சட்டம் இல்லாமலா இந்த நிலை? இருக்கிறது. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் அனைவரும் புழங்கத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டுச் சட்டம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை, பரிந்துரை என்ற அளவுக்கு இறக்கிவிட்டது டெல்லி வகுத்த விதி. 2024 நவம்பர் 8இல் உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. கட்டாயமான விதியை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி ஆணையிட்டது. உரிமைக்குப் பதிலாகக் கருணையை நீட்டிய போக்குக்கு விழுந்த அடி அது.

தமிழ்நாட்டிலே கழக ஆட்சி 2025 ஏப்ரலில் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. சிற்றூராட்சி முதல் மாவட்ட ஊராட்சி வரை ஏறத்தாழ 13 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமர வழி செய்தது. பெருமைப்படத்தக்க செய்கை, பெருமைப்படுகிறோம். ஆனால் பெருமையோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. நாற்காலி கொடுத்தாயிற்று, நாற்காலிக்குப் போகும் வழி? உறுப்பினரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மன்றத்தில் உட்கார வைப்பதா? அது அவருக்குப் பெருமையா, நமக்குத்தான் பெருமையா?

பேருந்தையும் பாருங்கள். 2021இல் நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. சீட்டுக்குக் காசு வேண்டாம். முழங்கால் உயரப் படிக்கு என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய் வாதாடியதன் பயனாகச் சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. காவிரிக் கரைக்கும் அவை வர வேண்டும். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பேர் பெற்றது நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு. பேருந்துக் கூண்டுக்கு அக்கரையில் கரூர். பூமியை ஆயிரம் அடி துளைக்கும் வண்டியைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு, ஒரு படியைத் தாழ்த்தத் தெரியாதா? தெரியும், செய்யச் சொல்வோர் இல்லை.

"வருகிறவர் யாருமில்லையே, யாருக்காகச் செலவு?" என்பார்கள் சிலர். ஆற்றை நீந்திக் கடந்தவர்களின் தலையை எண்ணியா பாலம் கட்டினோம்? வழி இல்லாததால்தான் வரவில்லை. செலவுதான் எவ்வளவு? அரையடி வீதம் மூன்று படி என்றால் உயரம் ஒன்றரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆகப் பதினெட்டு அடிச் சரிவுப்பாதை, பிடித்து நடக்க ஒரு கைப்பிடி. மூட்டு வலிக்கும் மூதாட்டிக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், மூட்டை சுமப்பவருக்கும் அதே பாதை உதவும்.

சரிவு என்று நாம் சொல்வது சிமெண்டை மட்டும் அன்று. பார்வையற்றவருக்கு அறிவிப்பை வாசித்துக் காட்டுவதும் சரிவுதான். காது கேளாதவர் வந்தால் கத்தாமல், எழுதியோ சைகையாலோ பொறுமையுடன் பேசுவதும் சரிவுதான்.

ஜேடர்பாளையம் வட்டாரத்துத் தோழர்களே! அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளி, நியாயவிலைக் கடை, ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், கழிப்பிடம் ஒவ்வொன்றின் படியையும் எண்ணுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை உடன் வைத்துக்கொண்டே எண்ணுங்கள். குறை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். அதைத் தீர்மானமாக்கிச் சபையில் வையுங்கள். கழகத்தின் கிளை அலுவலகம், படிப்பகம், பொதுக்கூட்ட மேடை ஆகியவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் வாய்க்கால் ஓடுகிறது என்று பொருள். கடைசி மனிதன் தன் வழியே தானே வந்து மன்றத்தில் அமரும் நாளில்தான் மக்களாட்சி நடக்கிறது என்று பொருள். வழியிலுள்ள மேட்டை வெட்டுவோம்!